ஃபைவ் டபுள் எயிட் தொகுதி

என் சகலையைப் பற்றி யாராவது நல்ல வார்த்தை சொன்னால் எனக்கு இடது காதுக்குப் பின்னால் அரிக்கும். இன்றைக்கும் அரிக்கிறது. தோல் டாக்டரிடம் காட்டிக் களிம்புகூட வாங்கித் தடவியிருக்கிறேன். பலனில்லை. புனேயில் இருக்கிற தமிழர்கள் அவரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வதை நிறுத்தினால்தானே களிம்பு வேலை செய்யும்.

சகலையின் பெயர் சங்கரன். என் மனைவி லலிதாவின் அக்கா பத்மாவைக் கட்டியவர். கிர்க்கியில் ராணுவத்துக்குச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸ். நான் வங்கியில் அதிகாரி, அவுந்தில் சொந்த ஃபிளாட். நியாயமாகப் பார்த்தால் அவர்தான் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும். அந்தக் கடமையை அவர் செய்யாததால் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பட்டுக்கொண்டிருந்தேன்.

அவருடைய ஸ்கூட்டர் ஒரே உதையில் கிளம்பும். என்னுடையதை முதலில் ஒரு பக்கமாகச் சாய்க்க வேண்டும், பிறகு கெஞ்ச வேண்டும், பிறகு வாட்ச்மேனைக் கூப்பிட வேண்டும். அவர் மராட்டியில் நாலு வார்த்தை பேசினால் காய்கறிக்காரி கொத்தமல்லியைச் சும்மா அள்ளிக் கொடுப்பாள். எனக்கு அந்த பாஷையில் ‘எவ்வளவு’ என்று கேட்க மட்டும் தெரியும் (அவள் சொல்லும் பதில் புரியாது). திருச்சியிலிருந்து மாமனார் எழுதும் கடிதம் ‘சங்கரன் மாப்பிள்ளை சௌக்கியமா’ என்று ஆரம்பித்து, இரண்டு பக்கம் அவரையே சுற்றி வந்து, கையெழுத்துக்கு மேல் மிஞ்சிய இடத்தில் என்னையும் நலமென்று நம்பி முடியும்.

என்னிடம் இருந்து அவரிடம் இல்லாத பொருள் ஒன்றே ஒன்றுதான். டெலிபோன்.

தொண்ணூறுகளின் நடுவில் வீட்டுக்கு போன் வருவது லேசான காரியமில்லை. எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தோம். கடைசியில் ஒரு நாள் லைன்மேன் வந்து, சிவப்பு நிற போன் ஒன்றை ஹாலில் வைத்துவிட்டுப் போனார். நம்பர் ‘ஃபைவ் டபுள் எயிட்’ என்று ஆரம்பித்தது. அது அவுந்த் எக்ஸ்சேஞ்சின் எண். அந்த மூன்று இலக்கத்தை நான் யாரிடமும் வேகமாகச் சொன்னதில்லை. ஒவ்வொன்றாக, நிறுத்தித்தான் சொல்வேன். போனுக்கு லலிதா பூப்போட்ட உறை தைத்துப் போட்டாள். நான் பூட்டு வாங்கிப் போட்டேன்.

சகலை வந்து பார்த்தார். முகம் கறுக்கும் என்று ஆவலோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனிதர் போனைத் தடவிப் பார்த்துவிட்டு, “அரே வா, சகல. இனிமே எங்களுக்கும் கவலையில்ல. குவார்ட்டர்ஸ் பூரா சொல்லிடறேன், எங்க சகல வீட்டுக்கு போன் வந்தாச்சுன்னு” என்றார். சொல்லவும் செய்தார். அதன் அர்த்தம் எனக்குப் புரிய ரொம்ப நாளாயிற்று.

இனி எங்கள் தமிழ் மன்றத்துக்கு வருகிறேன். அதன் செயலாளர் பதவி என்பது வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கல் விழா மேடையில், நடு நாற்காலியில் மாலையோடு உட்காரும் பதவி. தேர்தல் பொதுக்குழுவில் நடக்கும், ஹாலில் கையைத் தூக்கி. கிர்க்கி குவார்ட்டர்ஸில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அவர்கள் டெம்போ பிடித்து, பிள்ளை குட்டியோடு வந்து இறங்குவார்கள். சங்கரன் பெயரைச் சொன்னதும் ஹாலே கையைத் தூக்கும். மூன்று வருஷமாக நடு நாற்காலி அவருக்குத்தான். நான் வாசலில் நின்று சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் மாமனார் பொங்கலுக்குப் புனே வருவதாக எழுதியிருந்தார் (எழுதியது சகலைக்கு, லலிதாவுக்குத் தகவல் பத்மா மூலம் வந்தது). முன்வரிசையில் மாமனார், மேடையில் மறுபடியும் சகலை, வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நான். நினைத்தபோதே காது அரிக்க ஆரம்பித்துவிட்டது. இந்த ஒரு வருஷம், இந்த ஒரே ஒரு பொங்கலுக்கு, அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

‘கிர்க்கிக்காரங்களே எல்லாத்தையும் முடிவு பண்றாங்க’ என்ற முணுமுணுப்பு மன்றத்தில் பரவலாக எழுந்தது. எழுப்பியது நான்தான், வீடு வீடாகப் போய், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காபி குடித்து. பலன் கிடைத்தது. இனிமேல் நகரத்தைத் தொகுதிகளாகப் பிரிப்பது, தொகுதிக்கு ஒரு பிரதிநிதி, பிரதிநிதிகள் கூடிச் செயலாளரைத் தேர்ந்தெடுப்பது என்று செயற்குழு தீர்மானித்தது. எல்லை வகுக்கும் வேலையை, என்னிடம் பெரிய வரைபடமும் கலர் பென்சில்களும் இருந்ததால், என்னிடமே கொடுத்தார்கள்.

முதல் நாள் நேர்மையாகத்தான் உட்கார்ந்தேன். ஆள்கணக்குப்படி பிரித்துப் பார்த்தேன். எப்படிக் கோடு போட்டாலும் கிர்க்கிக்கு மூன்று இடம் போனது. பென்சிலைக் கீழே போட்டுவிட்டுத் தலையைத் தூக்கினேன். எதிரே பூப்போட்ட உறைக்குள் என் டெலிபோன் இருந்தது.

அடுத்த கூட்டத்தில் வரைபடத்தை விரித்து மாட்டினேன். “போன் நம்பரோட முதல் மூணு இலக்கம்தான் தொகுதி. ஒரு எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு பிரதிநிதி. இதுல வேண்டியவன் வேண்டாதவன் பேச்சுக்கே இடமில்ல” என்றேன்.

இதன் அழகு மேலோட்டமாகப் பார்ப்பவர்களுக்குத் தெரியாது. டெக்கன், கோத்ரூட், கேம்ப் பக்கமெல்லாம் போன் அதிகம், அதனால் எக்ஸ்சேஞ்சும் அதிகம், எனவே ஒவ்வொரு கைப்பிடி தமிழருக்கும் ஒரு பிரதிநிதி. டெம்போ டெம்போவாக வரும் கிர்க்கிக்கு எக்ஸ்சேஞ்ச் ஒன்று, பிரதிநிதியும் ஒருவர். தளேகாவுக்கு எஸ்.டி.டி. கோடே வேறு என்பதால் அது தனித் தொகுதி. அங்கே எங்களுக்கு இருந்த ஒரே உறுப்பினர் பத்மநாபன் என்ற ஃபாக்டரி மேனேஜர். அவர் தன் தொகுதியின் வாக்காளர், வேட்பாளர், பொதுமக்கள் எல்லாமாகவும் இருந்தார். எங்கள் அவுந்திலோ தமிழ்க் குடும்பங்கள் சொற்பம், அதில் பாதிப் பேருக்கு லாக்கர் கொடுத்தவன் நான்.

ரிடையர்டு ஆசிரியர் ஒருவர் எழுந்தார். “ஏங்க, ஓட்டுப் போடறது மனுஷனா, டெலிபோனா? கிர்க்கியில எத்தனை பேர் இருக்காங்க. அவங்களுக்கும் ஒண்ணு, தளேகாவ்ல இந்த ஒரு ஆளுக்கும் ஒண்ணா?”

“சார், மனுஷங்க இன்னிக்கு வருவாங்க, நாளைக்கு டிரான்ஸ்பர்ல போவாங்க. எக்ஸ்சேஞ்ச் அப்படியே இருக்கும்” என்றேன். (அடுத்த வருஷமே எண்களை மாற்றினார்கள். பிறகு மறுபடியும் மாற்றினார்கள்.)

ஆசிரியர் உட்காரவில்லை. பின்னால் நாலைந்து பேர் அவரோடு சேர்ந்து முனகினார்கள். என் திட்டம் அங்கேயே செத்திருக்கும். அப்போது சகலை எழுந்து, “நம்ம சகல இத்தனை நாள் உக்காந்து பண்ணியிருக்கார். அவர் பண்ணினா சரியாத்தான் இருக்கும். சோடோ நா சார், விடுங்க, ஒரு வருஷம் பாப்போமே” என்றார். கூட்டம் உடனே சரி என்றுவிட்டது. அவரை ஒழிக்க நான் போட்ட திட்டம்கூட அவர் சொன்னால்தான் எடுபட்டது. எனக்கு இருந்த எரிச்சலில் ஜெயித்த சந்தோஷமே இல்லை.

பொருளாளர் வெங்கட்ராமன் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார். “போனே இல்லாதவங்களை எந்தத் தொகுதியில போடறது?”

“பி.பி. நம்பர் குடுத்திருப்பாங்களே. அது எந்த எக்ஸ்சேஞ்சோ, அவங்களும் அங்க” என்றேன் பெருந்தன்மையோடு.

பி.பி. நம்பர் என்பதை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். சொந்த போன் இல்லாதவர்கள், போன் இருக்கிற தெரிந்த வீட்டின் நம்பரைத் தங்கள் நம்பராக எல்லாருக்கும் கொடுத்து, பக்கத்தில் ‘பி.பி.’ என்று எழுதுவார்கள். கல்யாணப் பத்திரிகையில்கூட இருக்கும். அந்த வீட்டுக்காரர்கள் ஓடிப்போய் இவர்களைக் கூப்பிட வேண்டும், அல்லது சேதியைக் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டும். குவார்ட்டர்ஸ்காரர்கள் முனையில் இருக்கும் மளிகைக் கடை நம்பரைக் கொடுத்திருப்பார்கள், அது கிர்க்கி எக்ஸ்சேஞ்ச், விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை.

தேர்தலுக்கு முந்தின வாரம் வெங்கட்ராமன் போன் செய்தார். “சார், தொகுதி ஒதுக்கி முடிச்சிட்டேன். உங்க அவுந்த் கொஞ்சம் பெரிசா வருதே.”

“வளர்ற ஏரியா சார். தினம் ஒரு பில்டிங் வருது” என்றேன். போனை வைத்துவிட்டு லலிதாவிடம், என்னால் அவுந்துக்கே மதிப்பு கூடிவிட்டது என்று சொன்னதாக ஞாபகம். அவள் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த முருங்கைக்காயைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் சகலை ஒரு பை நிறைய ஏதாவது கொண்டுவருவார். முருங்கைக்காய், வாழைப்பூ, யாரோ இடித்த சாம்பார்ப் பொடி, யாரோ போட்ட ஊறுகாய். தன் செல்வாக்கை என் சமையலறை வரை கொண்டுவந்து காட்டுகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிடுவேன். (ஊறுகாய் நன்றாக இருக்கும். அதுவும் எரிச்சல்தான்.)

தேர்தல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராஸ்தா பேட்டில் வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. சுவர் ஓரமாகத் தொகுதி எண்களை எழுதி வரிசையாக அட்டைகள் தொங்கின. அவரவர் தங்கள் எண்ணுக்குக் கீழே நிற்க வேண்டும். நான் புது சட்டை போட்டுக்கொண்டு ‘588’க்குக் கீழே நின்றேன். என்னோடு எங்கள் காலனிக்காரர்கள் சிலர். லலிதா பின்பக்கம் மேஜையில் எல்லாருக்கும் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த எங்கள் மகள் ரம்யா காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

டெம்போக்கள் வந்தன. கிர்க்கி இறங்கியது. கூட்டம் கூட்டமாக உள்ளே வந்தவர்கள் கிர்க்கி அட்டையைத் தாண்டினார்கள். டெக்கனைத் தாண்டினார்கள். நேராக என்னிடம் வந்தார்கள்.

“உங்களுக்கு அந்தப் பக்கம்ங்க” என்று முதலில் வந்தவருக்கு வழி காட்டினேன்.

“இல்ல சார், நமக்கு ஃபைவ் டபுள் எயிட்தான்” என்றார் அவர்.

“குவார்ட்டர்ஸ்ல ஃபைவ் டபுள் எயிட் எப்படிங்க வரும்? உங்க நம்பர் என்ன?”

அவர் சொன்னார். ஏழாம் வாய்ப்பாடு சொல்வதுபோல் தடையில்லாமல் சொன்னார். அது என் வீட்டு நம்பர். பக்கத்தில் நின்ற அம்மாளும் அதையே சொன்னார். பின்னால் நின்றவரைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை, ஆனால் அவரும் கேட்காமலே சொன்னார்.

“சார், நீங்கதான் லலிதாக்கா வீட்டுக்காரரா?” என்று முதல் ஆசாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். “ரொம்ப சந்தோஷம் சார். வாசல்ல சந்தனம் குடுக்கறப்ப பாத்திருக்கேன், அது நீங்கதான்னு தெரியாம போச்சே.”

எப்படித் தெரிந்திருக்கும்? நான் காலையில் வங்கிக்குப் போனால் விளக்கு வைத்துத்தான் வருவேன். அத்தனை பகலும் ஊரிலிருந்து குவார்ட்டர்ஸுக்கு வரும் போனெல்லாம் என் வீட்டில் அடித்திருக்கிறது. பிரசவம், பெண் பார்க்க வருவது, மணியார்டர் வரவில்லை என்ற புகார், எல்லாவற்றையும் லலிதா கேட்டு வைத்துக்கொண்டு, அவசரமானால் ஷேர் ரிக்‌ஷா பிடித்துக் கிர்க்கிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். லீவு நாளில் மணி அடித்தாலும் அவள்தான் எடுப்பாள், அவள் பக்கத்துச் சொந்தக்காரர்கள் என்று நான் விட்டுவிடுவேன். பூட்டு நான் போட்டதுதான், ஆனால் பூட்டு போன் செய்வதைத்தான் தடுக்கும், வருவதைத் தடுக்காது. முருங்கைக்காய் யாருக்கு வந்தது என்பது அந்த ஹாலில்தான் எனக்கு விளங்கியது.

திரும்பிப் பார்த்தேன். கிர்க்கி அட்டைக்குக் கீழே மளிகைக் கடைக்காரரும் அவர் மச்சானும் மட்டும் நின்றுகொண்டிருந்தார்கள். சகலையும் பத்மாவும் என் வரிசையின் கடைசியில் நின்றார்கள். அவர்களுக்கும் பி.பி. நாங்கள்தான்.

சரி, சகலை போட்டியிட்டு என்னைத் தோற்கடிக்கப் போகிறார் என்று மனதைத் தயார் செய்துகொண்டேன். அதற்காவது பழக்கம் இருந்தது. தேர்தல் அதிகாரி அந்த ரிடையர்டு ஆசிரியர்தான். “அவுந்துக்கு சார் பேர் வந்திருக்கு. வேற யாராவது?” என்றார். என்னிடம் என் நம்பரைச் சொன்ன அம்மாள் கையைத் தூக்கினார்.

“எங்களுக்கு லலிதாக்கா.”

நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. லலிதா காபி ஜக்கோடு நிமிர்ந்து, “ஐயோ, நான் எதுக்கு? அவர் நிக்கிறார் பாருங்க” என்றாள்.

“இருக்கட்டும்க்கா. எங்கம்மா போன அன்னிக்கு அவ்வளவு மழையில வந்து நின்னீங்க. விஷயத்தைச் சொல்லிட்டுப் போகாம, என்னை ரயில் ஏத்திவிட்டுட்டுத்தான் போனீங்க. நீங்க நில்லுங்க” என்றார் அந்த அம்மாள்.

அந்த மழை நாள் எனக்கு நினைவிருந்தது. நனைந்த புடவையோடு அவள் தாமதமாக வந்ததற்கு, டிபன் ஆகவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவன் நான்.

என் மனதில் வந்த அந்த ஈரம் எண்ணிக்கை முடியும் வரைதான் இருந்தது. சீட்டில் பெயர் எழுதிப் பெட்டியில் போட்டார்கள். ஆசிரியர் லலிதா, லலிதா, லலிதா என்று சகஸ்ரநாமம்போல் படித்துக்கொண்டே போனார். நடுவே என் பெயர் வந்தது. கடைசியில் இன்னொரு தரம் வந்தது. அவ்வளவுதான். ஒன்று நான் போட்டது. லாக்கர் வாங்கினவர்கள் காபி மேஜைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிறகு பிரதிநிதிகள் கூடிச் செயலாளரைத் தேர்ந்தெடுத்தார்கள். முணுமுணுத்த டெக்கனும் கோத்ரூடும், கிர்க்கிக்காரர் வேண்டாம், அவுந்துதான் வேண்டும் என்றன. அவுந்து என்றால் லலிதா. தளேகாவ் பத்மநாபன் என்னிடம் வந்து, “சார், அவுந்துல யார் ஜெயிச்சாலும் அவங்களுக்குத்தான் போடணும்னு நீங்கதானே சொன்னீங்க. சொன்ன வார்த்தையைக் காப்பாத்திட்டேன்” என்று கை குலுக்கினார். ஜெயிக்க வேறு யார் இருக்கிறார்கள் என்ற தைரியத்தில் நான் அப்படிச் சொல்லியிருந்தேன்.

பொங்கல் வந்தது. மாமனார் முன்வரிசையில் உட்கார்ந்தார். நடு நாற்காலியில் மாலையோடு என் மனைவி. நான் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு, பதவி உயர்வாகப் பன்னீர்ச் செம்பும் சேர்த்து. லலிதா காகிதம் பார்க்காமல் பேசினாள். எல்லாரும் கை தட்டினார்கள். ஒரு சகலையைப் பார்த்துப் பொறாமைப்பட்டே எனக்கு நேரம் போதாமல் இருந்தது. இப்போது வீட்டுக்குள்ளேயே இன்னொரு கிளை திறந்துவிட்டார்களே என்று நினைத்தேன்.

விழா முடிந்ததும் மாமனார் நேராக என்னிடம் வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “சங்கரன் சொன்னார் மாப்பிள்ளை. உங்களுக்கு வர வேண்டிய பதவியை லலிதாவுக்கு விட்டுக்கொடுத்தீங்களாமே. இந்த மனசு யாருக்கு வரும்?” அவர் கண் கலங்கியிருந்தது. அவர் வாயால் இப்படி ஒரு வார்த்தை கேட்கத்தான் நான் அந்த வரைபடமே போட்டேன். கேட்டுவிட்டேன், அதுவும் சகலையின் தயவில். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அதையும் அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு லலிதா மன்ற வேலையாக வெளியே போவாள், சனி ஞாயிறுகளில் போனை நான் எடுக்க வேண்டும். என் ஸ்கூட்டரைச் சாய்த்துக் கிளப்பிக்கொண்டு கிர்க்கிக்குப் போய், இன்னாரின் மைத்துனருக்கு ஆண் குழந்தை என்று சொல்லிவிட்டு வருவேன். கதவைத் திறப்பவர்கள், “லலிதாக்கா வரலியா?” என்று எனக்குப் பின்னால் பார்ப்பார்கள். பிறகு குவார்ட்டர்ஸுக்கே போன் வந்தது. அப்புறம் எல்லார் கையிலும் செல்போன் வந்தது. போன் மணி அடிக்கும்போதெல்லாம் ரம்யா உள்ளிருந்து, “அப்பா, உங்க தொகுதி கூப்டுது” என்று கத்த ஆரம்பித்தது நான் சேதி சுமந்த அந்த நாட்களில்தான். இப்போது அவள் ஹிஞ்ஜேவாடியில் வேலை பார்க்கிறாள், வாகட்டில் குடியிருக்கிறாள். தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வருகிறது. அந்த ஒரு வாக்கியம் மட்டும் பிழையில்லாமல் வருகிறது.

அந்த இரண்டாவது ஓட்டு மட்டும் எனக்குள் பத்திரமாக இருந்தது. அது லலிதா போட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஊரே அவள் பக்கம் நின்றபோதும் அவள் என் பக்கம் நின்றாள் என்று நினைத்துத்தான், அவள் மேல் இருந்த பொறாமையைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். கேட்டு அவளைச் சங்கடப்படுத்தவில்லை.

போன வருஷம் ரம்யாவின் நிச்சயதார்த்தத்துக்கு எல்லாரும் கூடியிருந்தோம். சாப்பாட்டுப் பந்தியில் யாரோ பழைய தேர்தல் கதையை எடுத்தார்கள். நானும் உற்சாகத்தில், “ஊரே அவளுக்குப் போட்டாலும் என் பொண்டாட்டி என்னைக் கைவிடலையே” என்று சொல்லிவிட்டேன்.

லலிதா ரசத்தைக் கலக்குவதை நிறுத்தினாள். “நானா? அவ்வளவு பேர் என்னை நம்பி எழுதிப் போடறப்ப, நான் போய் உங்களுக்குப் போட முடியுமா? நல்லா கேட்டீங்க.”

பக்கத்து இலையில் சகலை அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, மெதுவாக, வேறு யாருக்கும் கேட்காதபடி சொன்னார். “அது நான்தான் சகல. வெறும் ஒண்ணோட நின்னா நல்லா இருக்காதேன்னு. இதெல்லாம் போய் வெளிய சொல்வாங்களா?”

காதுக்குப் பின்னால் அரித்தது. வலது கை இலையில் இருந்ததால் இடது கையால் சொறிந்துகொண்டேன். எதிர் வரிசையில் பரிமாறிக்கொண்டிருந்த ரம்யா அதைப் பார்த்துவிட்டாள்.

“அப்பா, என்ன ஆச்சு? தொகுதி கூப்டுதா?” என்றாள்.